அளவு ஜாக்கெட்: 19 கிலோ குறைந்த பிறகு ஒரு பீரோவின் கணக்கு

2025 வைகாசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போவதற்குள் மூன்று பேர் அக்காவைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் நேராகவே "சுகரா?" என்றார். இன்னொருவர் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பெரியம்மா மட்டும் கையைப் பிடித்துத் தூணோரம் கூட்டிப்போய், "வீட்ல ஏதும் பிரச்சினையாடி?" என்று ரகசியமாகக் கேட்டார். சோற்றைக் குறைத்து, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தைத் தினமும் விடியலில் சுற்றி, 14 மாதத்தில் 84 கிலோவிலிருந்து 65க்கு வந்திருந்தாள் அக்கா. நாலு பேர் பாராட்டுவார்கள் என்று போனவளுக்குக் கிடைத்தது துக்கம் விசாரிப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளை ஒருதரம் நன்றாகப் பார்த்தேன். பட்டுச்சேலை சரியாகத்தான் இருந்தது. ஜாக்கெட்தான் சரியாக இல்லை. கழுத்து அகன்று ஒரு தோள் இறங்கியிருந்தது. கை தொளதொளவென்று ஆடியது. முதுகுப் பக்கம் மூன்று ஊக்கு குத்தி மடித்திருந்தாள். பெரியம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் "இளைச்சுட்டியே" என்பது எப்போதுமே ஒரு கவலைச் சொல்தான். அதோடு, பெரிய உடம்புக்குத் தைத்த துணிக்குள் சின்ன உடம்பு இருந்தால் யாரைப் பார்த்தாலும் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரிதான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவைத் திறந்தோம். அங்கே நடந்ததன் முழுக் கணக்கு இது. நடுவில் நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆள் விவரம் முதலில். வயது 45, வங்கி வேலை, உயரம் 156 செ.மீ. 84 கிலோவில் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 34.5. இப்போது 65 கிலோவில் 26.7. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று நம் டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஆகவே அவள் டாக்டர் இன்னும் 4, 5 கிலோ குறைந்தால் நல்லது என்றுதான் சொல்லியிருந்தார். எடை இன்னும் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். துணியைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது. (முயற்சியே செய்யாமல் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தால் போக வேண்டிய இடம் டெய்லர் கடை இல்லை, டாக்டர்தான். பெரியம்மாவின் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.)

டேப் வைத்து அளந்ததில் மார்பு 42 அங்குலத்திலிருந்து 37, இடுப்பு 39இலிருந்து 33, கைச்சுற்று 15இலிருந்து 13. தோள் மட்டும் அரை அங்குலம்தான் குறைந்திருந்தது. சதைதான் கரைகிறது, எலும்பு அப்படியே இருக்கிறது. ஆல்டரேஷனின் எல்லாத் தலைவலியும் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. தோளில் நிற்கவேண்டிய துணிக்கு அதே தோள் போதும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் காலி.

பீரோவில் இருந்தவை: ஜாக்கெட் 43, சுடிதார் டாப் 21, லெக்கின்ஸ் 11, நைட்டி 8, ஜீன்ஸ் 2, இன்ஸ்கர்ட் 17, உள்ளாடைகள் தனி. சேலைகளை எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஆள் அளவு கிடையாது. முன்பு ஐந்து கொசுவம் வைத்தவள் இப்போது ஏழு வைக்கிறாள், அவ்வளவுதான். இன்ஸ்கர்ட்டுக்கு நாடா இருக்கிறது, இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. அப்பாவின் வேட்டியும் லுங்கியும் இதே ஜாதி. எங்கள் பாட்டி காலத்தில் ஒருத்தி 20 கிலோ இளைத்திருந்தால் அவள் மாற்ற வேண்டியிருந்த துணி ரவிக்கை ஒன்றுதான். ஊசி பட்ட துணிக்குத்தான் இந்தச் சிக்கல்.

முதல் தவறு அதற்கு ஆறு மாதம் முன்பே நடந்துவிட்டது. எடை 76க்கு வந்தபோது உற்சாகத்தில் 12 ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் பிடிக்கக் கொடுத்தாள். ஜாக்கெட்டுக்கு 80 ரூபாய், மொத்தம் 960. மூன்றே மாதத்தில் அவையும் தொளதொளத்துவிட்டன. பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கடைக்காரர் பிடித்துத் தைத்த பிறகு உள்ளே மிச்சமிருந்த துணியைச் சுத்தமாக வெட்டி ஓவர்லாக் அடித்துக் கொடுத்திருந்தார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் இனி எந்தக் காலத்திலும் அந்த 12ஐப் பிரித்துப் பெரிதாக்க முடியாது.

இதன் கனம் எங்களுக்குப் புரிந்தது டெய்லரக்கா சொன்ன பிறகுதான். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தைப்பவர். ஒரு பழைய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கத் தையலுக்கு அப்பால் இரண்டு புறமும் ஒன்றரை அங்குலத் துணி, அதில் அரை அங்குல இடைவெளியில் இன்னும் இரண்டு தையல் ஓடியிருந்தது. "பொம்பள உடம்பு ஏறும், இறங்கும்னு தெரிஞ்சுதான் இப்படித் தைக்கிறோம். பிள்ளை பெத்தா ஒரு தையலைப் பிரிச்சு விட்டுக்கலாம். இதை வெட்டுறவங்களுக்கு வேலை தெரியும், குடும்பம் தெரியாது" என்றார்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. ரெடிமேட் டாப்பின் உள்ளே பார்த்தால் தையலுக்கு வெளியே கால் அங்குலம்கூட இருக்காது. துணியை மிச்சம் பிடிக்க மெஷினே ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிறது. அதைச் சின்னதாக்கலாம், பெரிதாக்க வழியில்லை. தைத்த ஜாக்கெட்டோ உடம்பு மாறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட துணி. அதனால் பீரோவைப் பிரிக்க எங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்தது. இந்தத் துணியைச் சின்னதாக்கினால், திரும்பப் பெரிதாக்க முடியுமா?

"வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த ஞாயிறு முழுக்க ஓடியிருக்கும். ஏனென்றால் அக்காவின் பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "இருக்கட்டும்டி, திரும்ப வெயிட் போட்டா?"

இந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அமெரிக்காவில் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உணவு, உடற்பயிற்சி என்று தீவிரமாகக் கவனிக்கப்பட்ட பிரிவினர் முதல் வருடம் சராசரியாக 8.6 சதவீத எடையைக் குறைத்தார்கள். சுமார் பத்து வருடம் கழித்து ஆய்வு முடியும்போது அது 6 சதவீதமாக இருந்தது. அதாவது கொஞ்சம் திரும்பி வந்தது, எல்லாம் வரவில்லை. "பழைய துணியையெல்லாம் தூக்கிப் போடு, அப்போதுதான் திரும்ப குண்டாக மாட்டாய்" என்று வீராப்பாகச் சொல்பவர்களுக்கு இதில் ஆதாரம் இல்லை. 84 கிலோ காலத்து மொத்தத் துணியையும் நாப்தலின் உருண்டை போட்டுப் பூட்டி வைப்பதற்கும் ஆதாரம் இல்லை. ஒன்றிரண்டு அங்குலம் போகவர இடம் இருந்தால் போதும். ஜாக்கெட்டின் உள்ளே இருக்கும் அந்த ஒன்றரை அங்குலம் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

சரி, 43 ஜாக்கெட்டுக்கு வருவோம். பட்டு ஜாக்கெட்டுகளைத்தான் முதலில் எடுத்தோம், ஏனென்றால் அவற்றுக்கு மாற்று கிடையாது. பட்டுச்சேலையோடு சேர்ந்து வருவது சுமார் 80 செ.மீ. ஜாக்கெட் துணி. கைக்கு வரும் கரை, சேலையின் கரையோடு ஒத்துப்போவது அந்த ஒரு துண்டில்தான். அது போனால் கடைகடையாக ஏறி இறங்கி 'கிட்டத்தட்ட மேட்ச்' என்று ஏதாவது வாங்க வேண்டும். பட்டில் இன்னொரு தொந்தரவும் உண்டு. தையலைப் பிரித்தால் ஊசித் துளை மறையாது. அதனால் டெய்லரக்கா பட்டுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார். புதுத் தையலை உள்ளே போட்டு, பழைய தையலைப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிடுவது. வெளியே தெரியாது. பின்னால் புதுத் தையலை உருவினால் பழைய அளவு காத்துக்கொண்டிருக்கும். புதுத் துளை இரண்டு அக்குளுக்குக் கீழே தெரியலாம், சேலை மூடிவிடும்.

பக்கத்தில் மட்டும் பிடித்தால் போதாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மார்பில் ஐந்து அங்குலம் குறைக்க இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்தால் கைக்குழி ஒடுங்கி, கை தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும். முன்பக்க டாட்டின் (மார்புக்கு வடிவம் தரும் மடிப்புத் தையல்) முனை வேறு கீழே நின்றுவிடும். எனவே கைத் தையலை அக்குளிலிருந்து கொஞ்ச தூரம் பிரித்து, கைச்சுற்றையும் சேர்த்துப் பிடித்து, டாட்டைத் திருத்தி, பட்டியைச் சுருக்கி என்று நாலு வேலை. அகன்ற கழுத்துக்கு என்ன செய்தாலும் முழுத் தீர்வு வரவில்லை. தோளில் சின்னதாக ஒரு மடிப்பு, பின்கழுத்தில் ஒரு நாடா, அதோடு சமாதானம். பிரின்சஸ் கட் ஜாக்கெட்டுகள் இந்த விஷயத்தில் தங்கம். நடுவே ஓடும் நீளத் தையலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். லைனிங் வைத்தவை இரட்டை வேலை.

ஆரி வேலை (மணி வைத்த கை எம்பிராய்டரி) செய்த இரண்டு ஜாக்கெட்டுகளில் ரொம்ப நேரம் யோசித்தோம். வேலைப்பாடு முதுகிலும் கையிலும் பக்கத் தையல் வரைக்கும் ஓடியிருந்தது. பிடித்தால் பூவில் பாதி உள்ளே போகும், மணிகள் உள்ளே உறுத்தும், மெஷின் ஊசியும் உடையும். தையல் வரும் கோட்டில் இருந்த மணிகளை மட்டும் கையால் உருவி, ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜாக்கெட்டோடே பின் குத்தித் தரச் சொன்னோம். ஒன்றுக்கு 350 ரூபாய் கேட்டார். அதைச் செய்ய 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்த அக்கா பேரம் பேசவில்லை.

கடைசிக் கணக்கில் 26 ஜாக்கெட் பிடித்துத் தைக்கப்பட்டன. முன்பு வெட்டப்பட்ட 12உம் இதற்குள் அடக்கம். சாதா 10க்குத் தலா 60, லைனிங் 14க்குத் தலா 100, ஆரி இரண்டுக்கு 700, ஆக 2,700 ரூபாய். இதே 26ஐப் புதிதாகத் தைத்தால் கூலி மட்டுமே 450 வீதம் 11,700 ஆகியிருக்கும், துணி தனி. ஒன்பது ஜாக்கெட் அக்குளில் இற்றுப்போயிருந்தன. அவற்றைக் கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு கரித்துணிக்கு ஒதுக்கினோம். ஐந்தை டெய்லரக்கா பிரித்து, முதுகுத் துண்டையும் கையையும் என் மகளின் பாவாடைச் சட்டைக்கு மேல்சட்டையாக்கினார். மூன்று எதற்குமே உதவாமல் பீரோவுக்கே திரும்பிப் போயின. அவற்றைப் பற்றி அக்கா எந்தக் காரணமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த 26ஐவிட முக்கியமானது ஒரு ஜாக்கெட். டெய்லரிடம் புதுத் துணி கொடுக்கும்போதெல்லாம் கூடவே கொடுப்போமே, அளவு ஜாக்கெட். அக்காவினுடையது நீலக் காட்டன், ஏழெட்டு வருடப் பழசு. உடம்பு குறைந்த 14 மாதத்திலும் அவள் தைத்த நாலு புது ஜாக்கெட்டை அந்த நீல ஜாக்கெட்டின் அளவுக்கே தைத்திருக்கிறாள்! டெய்லருக்கு என்ன தெரியும், கொடுத்த அளவுக்குத் தைப்பார். புதுத் துணியைப் பழைய உடம்புக்குத் தைத்து, வாங்கி வந்து, ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "அளவு ஜாக்கெட்ட மாத்தணும்னு தோணவே இல்லடி" என்றாள். எடை மெஷினில் 65 என்று தினமும் பார்த்தவள்தான்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் 450 ரூபாய்க்குப் புது அளவு ஜாக்கெட் ஒன்று தைத்தோம். இரண்டு முறை போட்டுப் பார்த்து, திருத்தி, கை தூக்கி, குனிந்து, பஸ் கம்பியைப் பிடிப்பது போலவெல்லாம் செய்து பார்த்தபின் மற்ற 26ம் அதன் அளவுக்குப் போயின. இதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே எடை 65ஐ ஒட்டி ஒரு கிலோ கூடக்குறைய நின்றிருந்தது. அந்த மூன்று மாதப் பொறுமை 76 கிலோவிலேயே இருந்திருந்தால் 960 ரூபாய் மிச்சம்.

சுடிதார் டாப்பில் ஏழைப் பிடித்தோம், தலா 120, மொத்தம் 840. பக்கத் தையலும் கையும் மட்டும். தோள் இறங்கிப் போனவற்றை யாரும் தொடவில்லை. அதைச் சரிசெய்யக் கையைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், புது டாப்பே வாங்கிவிடலாம். இதற்கிடையில், எல்லா டாப்பிலும் ஒரே XXL என்று போட்டிருந்தாலும் ஒன்றின் மார்பு 44, இன்னொன்று 46, ஒன்று வெறும் 42. 42 இருந்ததைத் தைக்காமலே வீட்டில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தியருக்கென்று ஒரே அளவுப் பட்டியல் வேண்டும் என்று ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்ததே இந்தக் குழப்பத்தால்தான். லேபிளை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

நைட்டி எட்டையும் தொடவில்லை. தொளதொள நைட்டியைக் குறை சொன்ன பெண்ணை நான் இதுவரை சந்தித்ததில்லை. நாலு டாப்பும் அந்தக் கணக்கில் தூங்குவதற்கு ஒதுங்கின. லெக்கின்ஸில் எலாஸ்டிக் போனவை எல்லாம் துடைக்கும் துணி ஆனது. ஆனால் தரை துடைக்க அல்ல, தூசி தட்ட. பாலியஸ்டர் கலந்த துணி தண்ணீரை இழுக்காது, தரையில் ஈரத்தைப் பரப்பும். ஈரத்துக்குக் காட்டன்தான். திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மெக்கானிக் ஷாப்காரர்கள் கிலோ கணக்கில் வாங்குவது சும்மா இல்லை. உள்ளாடைகளை அன்றைக்கே மாற்றச் சொன்னேன். பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், ஆனால் புது அளவு ஜாக்கெட் சரியாக உட்கார வேண்டுமென்றால் இதுதான் முதலில் சரியாக இருக்க வேண்டும். மோதிரத்துக்கு அம்மா நூல் சுற்றிக் கொடுத்தார்.

மிச்சம் பத்து டாப், இரண்டு ஜீன்ஸ். நல்ல நிலையில் இருந்தவை இவைதான். கொடுப்பதில்தான் நாங்கள் சொதப்பினோம்.

அக்கா நல்லெண்ணத்தில் நாலு டாப்பைச் சித்தியிடம் நீட்டி, "எனக்கு லூசாயிடுச்சு சித்தி, உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றுவிட்டாள். சித்தியும் வாங்கிக்கொண்டார். அப்புறம் இரண்டு மாதம் போன் இல்லை. யோசித்துப் பார்த்தால், 'நான் தப்பித்த அளவில் நீங்கள் இருக்கிறீர்கள்' என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. அந்த டாப்புகளை அவர் ஒருநாளும் போட்டு நாங்கள் பார்க்கவில்லை. இது எங்கள் தவறு இரண்டு. உறவுக்குள் கொடுப்பதானால் கேட்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும், நாமாகப் போய் அளவு பார்க்கக் கூடாது.

அம்மா, "போகிக்குப் போட்டுக் கொளுத்திடு" என்றார். காட்டனும் பாயும் எரிந்த காலத்துப் பேச்சு அது. இந்தத் துணியில் பாதிக்குமேல் பாலியஸ்டர், அதாவது பிளாஸ்டிக். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே தாமதப்படுத்தின. தெருவில் வரும் பாத்திரக்காரர் ஜீன்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். டாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கரித்துணி ஜாக்கெட்டைத் தொடக்கூட இல்லை.

மீதி ஆறு டாப்பை நிவாரணப் பொருள் சேகரிக்கும் இடத்தில் கொடுக்க நினைத்தபோது எனக்கு 2004 சுனாமிதான் ஞாபகம் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி, உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் மலையாய்க் கிடந்தது. 1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அப்படிக் குவிந்த துணியைப் பிரித்து உபயோகப்படுத்தும் வேலையில் தமிழ்நாட்டில் இறங்கியது. உடுத்த முடியாத காட்டனை அவர்கள் மாதவிடாய்க்கான துணி நாப்கின்களாகத் தைக்கிறார்கள். ஆக, கொடுப்பதென்றால் நாளைக் காலையே ஒருத்தி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நிலையில் கொடுக்க வேண்டும். துவைத்து, தேய்த்து, விட்டுப்போன பட்டனைத் தைத்து, மார்பு அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின் குத்திக் கொடுத்தோம். XXL வாங்க அலைபவர்களுக்கு நல்ல நிலையில் பழைய டாப் கிடைப்பது சுலபமில்லை. ஆறும் ஒரே வாரத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

செலவு மொத்தம் 3,990 ரூபாய். ஜாக்கெட் 2,700, டாப் 840, அளவு ஜாக்கெட் 450. அதற்கு முன்னால் வீணான 960ஐ அக்கா இதில் சேர்க்க விடவில்லை.

இந்தக் கணக்கில் சேராத கல்யாண ஜாக்கெட்டை மட்டும் கடைசியாக எடுத்தோம். 2006இல் அவள் 52 கிலோவில் போட்டது, அரக்குப் பட்டு. பிள்ளை பிறந்து ஒரு தரம், பிறகு இரண்டு தரம் என்று மூன்று முறை பிரித்துவிட்டு, கடைசித் தையல் வரை வந்து நின்றது. டெய்லரக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வரிசையாக மூன்று துளைக் கோடுகள். டேப்பை வைத்து அக்காவின் புது அளவைப் பார்த்தார். நடுக் கோட்டில் விழுந்தது. "இங்க ஏற்கெனவே தையல் இருந்திருக்கு. புதுத் துளை போட வேணாம்" என்று அதே துளைகளின் மேலே ஓட்டினார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

புரட்டாசியில் ஒரு வளைகாப்புக்கு அதைத்தான் போட்டுப் போனாள். பெரியம்மாவும் வந்திருந்தார். "இப்பத்தான்டி தேறியிருக்க" என்றார். எடை அன்றைக்கும் 65தான்.

மார்கழியில் காலைக் குளிருக்கு ரேஸ்கோர்ஸ் நடை நின்றுபோய், தை முடிவில் எடை 67.4 காட்டியது. கைச்சுற்று பிடிக்கிறது என்று புலம்பிக்கொண்டு ஆறு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு டெய்லரக்காவிடம் போனோம். நாலில் உள்தையலை உருவிக் கால் அங்குலம் விட்டுக் கொடுத்தார், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டும் முன்பு ஓரம் வெட்டிய ரகம். திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். அவற்றை வாங்கிக்கொண்டு வந்த அக்கா, மறுநாளிலிருந்து மறுபடி நடக்கப் போகிறாள்.